மூன்றாவது உயிர்

தாமசின் தும்மினால் வீடே எழுந்து நிற்கும். அண்ணி ஹெஸ்டர் அடுப்பில் கொதிக்கிற சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள்.

"சளியா? நெஞ்சுல எதாவது அடைக்குதா?"

"மாவுத் தூசி அண்ணி. ரொட்டிக்குச் சலிச்சேன்."

"உன்னை யாரு சலிக்கச் சொன்னா? நீ தும்மினா எனக்கு இங்க கூரை பிரியற சத்தம் கேக்குது."

ஹெஸ்டர் மிகைப்படுத்திப் பேசுகிறவள்தான், ஆனால் இந்த விஷயத்தில் இல்லை. எங்கள் ஊர் ஸ்டோவ்கோம்பில் துரை தன் வீடுகளை வருஷக் கணக்கில் குத்தகைக்கு விடுவதில்லை, உயிர்க் கணக்கில் விடுகிறார். பத்திரத்தில் மூன்று பேருடைய பெயரை எழுதுவார்கள். அந்த மூவரில் ஒருவராவது மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்வரை வீடு குடும்பத்துக்கு. மூன்றாவது மூச்சும் நின்றுவிட்டால் வீடு துரைக்கு. வீக்ஸ் குடும்பத்துப் பத்திரத்தில் முதல் உயிர் அப்பா ஜான் வீக்ஸ், அவர் குளிர்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். இரண்டாவது உயிர் சித்தப்பா, அவரைக் கடல் கொண்டுபோனது. மூன்றாவது உயிர் தாமசின். அண்ணன் ஆம்ப்ரோஸ், ஹெஸ்டர், நான்கு பிள்ளைகள், பின்கட்டில் ஒரு பன்றி, அத்தனை பேரும் அவள் நெஞ்சுக்கூட்டுக்குள்தான் குடியிருந்தார்கள்.

அதனால் அவள் ஏணியில் ஏறக்கூடாது. ஆப்பிள் மரத்தில் கால் வைக்கக்கூடாது. குளம் உறைந்தால் ஊர்ப் பெண்கள் எல்லாம் சறுக்கி விளையாட, இவள் கரையில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்க வேண்டும். சாப்பாட்டில் பன்றிக்கறியின் பெரிய துண்டு அவளுக்கு. பக்கத்து வீட்டார் பார்த்துவிட்டு, நாத்தனாரைத் தாங்கினால் ஹெஸ்டர் மாதிரி தாங்க வேண்டும் என்பார்கள். தாமசினுக்குத் தெரியும், பன்றிக்கும் இப்படித்தான் பார்த்துப் பார்த்துப் போடுகிறார்கள். என்ன, பன்றி செத்தால் வீட்டுக்கு லாபம்.

இதெல்லாம் பழகிப்போன சங்கதி. மேட்டின்மேல் அந்தக் கோபுரம் எழும்பத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது.

சர் ஜாஸ்பர் துரை இத்தாலியைச் சுற்றிவிட்டு வந்த வருஷம் அது. அங்கே மேட்டுக்கு மேடு இடிந்த கோட்டைகள் நிற்கின்றனவாம், பார்க்க மனசு உருகுகிறதாம். நம் பீக்கன் மேடு மொட்டையாக இருக்கிறதே என்று அவருக்கு வருத்தம் வந்துவிட்டது. முக்கோணமாக, மூன்று மூலைகளிலும் மூன்று உருண்டைத் தூண்கள், நடுவில் கூர்ஜன்னல்கள், மேலே பல்வரிசை மாதிரி மதில், அப்படி ஒரு கோபுரத்தைக் காகிதத்தில் வரைந்து கொண்டுவந்தார். மணி கிடையாது, விளக்கு கிடையாது, குடியிருக்கப் போகிற ஆளும் கிடையாது. எதற்கு என்று யாரும் துரையிடம் கேட்கவில்லை. கொத்து வேலைக்கு ஆம்ப்ரோஸைக் கூப்பிட்டார்கள், அவனும் எதற்கு என்று கேட்கவில்லை. வேலை கொடுக்கிறவரும் வீடு கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கிற ஊரில் வாயைத் திறந்து என்ன கேட்பது?

முதல் இருபதடி உயரம் கல்குவாரியிலிருந்து வந்தது. மாடுகள் அந்த ஏற்றத்தில் நுரை தள்ளின. இரண்டு மாடுகள் விழுந்து செத்த பிறகு காரியஸ்தர் டக்கெட்டுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் துரையின் நிலபுலன் முழுவதையும் நிர்வகிக்கிறவர், ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். மேட்டுச் சரிவிலேயே வீடுகள் இருக்கின்றனவே, உயிர் முடிந்த வீடுகளைப் பிரித்தால் கல் பக்கத்திலேயே கிடைக்குமே என்றார். துரைக்கு யோசனை பிடித்துப்போயிற்று. சரிவில் வீடுகள் இல்லாவிட்டால் பார்வைக்கும் சுத்தமாக இருக்கும் அல்லவா.

அன்றிலிருந்து கோபுரம் ஊரில் விழுகிற சாவை வைத்துத்தான் உயர்ந்தது. கிழவர் பிளைட் மார்கழியில் கண்ணை மூடினார், தை பிறப்பதற்குள் அவர் வீடு கோபுரத்தின் மேற்குப் பக்கம் நான்கு வரி ஏறிவிட்டது. நெசவாளி பிரிஜெட்டின் அடுப்புக்கு மேலே இருந்த நீளக் கல், புகைக்கறையோடு, வாசல் உத்தரமாகப் போயிற்று. ஆம்ப்ரோஸ் பகலெல்லாம் தூக்குக்குண்டு பிடித்து அந்தக் கல்லையெல்லாம் அடுக்குவான். மாலையில் வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கேட்கிற முதல் கேள்வி, "தாமசின் எப்படியிருக்கா?"

"தாமசினையே கேளேன், இங்கதானே இருக்கேன்" என்பாள் அவள்.

எலியாஸ் அந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்கிறவன். அவன் படகுத் தச்சன். அவள் எப்படியிருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பான். நியூபவுண்ட்லாந்தில் மீன்காரர்களுக்குப் படகு கட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று டீன்மத் துறைமுகத்திலிருந்து அவனுக்குச் செய்தி வந்திருந்தது. மாதா நாளுக்கு மறுநாள் காலை கப்பல். போனால் போனதுதான், திரும்பி வருகிற உத்தேசம் இல்லை.

"ரெண்டு பேருக்கு இடம் சொல்லிட்டேன்" என்றான் ஒரு நாள் ஓடைக்கரையில்.

"என்னைக் கேக்காமலா?"

"இப்பத்தான் கேக்குறேன். வர்றியா?"

"வருஷா வருஷம் மாதா நாள்ல நான் டக்கெட் முன்னாடி போய் நிக்கணும்னு உனக்குத் தெரியுமில்ல?"

அது அவனுக்கு மட்டுமா, ஊருக்கே தெரியும். மாதா நாளான மார்ச் இருபத்தைந்தாம் தேதி துரை வீட்டுக் களஞ்சியத்தில் காரியஸ்தர் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு வீட்டுக் கடைசி உயிரும் நேரில் வந்து நின்று தன்னைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். வராத உயிர் போன உயிர். நியூபவுண்ட்லாந்திலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போக எந்தக் கப்பல் இருக்கிறது?

"அண்ணன் பிள்ளைங்க நாலு பேரு" என்றாள்.

"தெரியும். அதனாலதான் வான்னு இழுக்கல, வர்றியான்னு கேக்குறேன்."

அவனிடமும் அவள் சொல்லாத ஒன்று இருந்தது. பத்து வயதில் அம்மாவோடு சர்ச் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். கல் நடாத ஒரு சின்ன மேட்டில் அம்மா களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். இது யாரு என்று கேட்டதற்கு, அம்மா தலை நிமிராமல், "நீதான்" என்றாள்.

பத்திரத்தில் இருக்கிற தாமசின் கொழுகொழுவென்று பிறந்த குழந்தை. அவளுக்கு மூத்த ஆம்ப்ரோஸ் அப்போது நோஞ்சான், இது நிற்காது என்று அப்பா முடிவு கட்டி, பெண் குழந்தையை மூன்றாவது உயிராக எழுதி வைத்தார். கொழுகொழு குழந்தை மூன்று வயதில் அம்மை கண்டு போய்விட்டது. நோஞ்சான் வளர்ந்து இன்று கல் தூக்குகிறான். அம்மை கொண்டுபோன அடுத்த வருஷம் வீட்டில் இன்னொரு பெண் பிறந்தது. செத்த பிள்ளையின் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கம் வழக்கம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். செத்த உயிருக்குப் பதிலாக வேறு உயிரை எழுதிக்கொள்ளத் துரையின் தயவு வேண்டும். அப்பா அந்தத் தயவைக் கேட்டுப் போகவில்லை. பெயரை வைத்தார், வாயை மூடிக்கொண்டார். அதனால் தாமசினுக்கு வயது இருபத்து மூன்று, காரியஸ்தர் முன்னால் இருபத்தேழு. வாழாத நான்கு வருஷத்தையும் அவள் சேர்த்துச் சுமந்தாள்.

பிப்ரவரியில் கோபுரம் மதிலை எட்டியது. இன்னும் ஒரு பக்கத்து மதிலுக்குத்தான் கல் வேண்டும். துரைக்குப் பொறுமையில்லை, மேலே போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். உள்படி பாதி உயரம்தான் முடிந்திருந்தது, மீதிக்கு ஏணி. துரையின் உடம்புக்கு ஏணி ஒத்துவராது. கல் ஏற்றுகிற கப்பிக் கயிற்றில் ஒரு நாற்காலியைக் கட்டி, அதில் துரையைக் கட்டி, எட்டு ஆட்கள் இழுத்தார்கள். ஊரே நின்று சிரிக்காமல் வேடிக்கை பார்த்தது. மேலே போனவர் நாலாபக்கமும் பார்த்தார். ஒரு பக்கத்தில் அவர் முகம் சுருங்கியது.

"அது என்ன புகை?"

"வீக்ஸ் வீடு, துரை. ஒரு உயிர் பாக்கி" என்றார் டக்கெட்.

"ஓ" என்றார் துரை. டக்கெட் மாதிரி ஆளுக்கு அந்த "ஓ" போதும்.

ஒரு வாரம் கழித்து டக்கெட் வீக்ஸ் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தாமசினை வெளிச்சத்துக்கு வரச் சொல்லி, குதிரை வாங்க வந்தவர் மாதிரி பார்த்தார்.

"என்ன வயசும்மா உனக்கு?"

"இருபத்தேழு ஐயா."

"அப்படித் தெரியலையே."

"நல்லா சாப்பாடு போடறாங்க ஐயா" என்றாள். ஹெஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாதிரியார் வீட்ல பழைய புத்தகத்தைப் புரட்டிட்டு இருந்தேன்" என்றார் டக்கெட் மெதுவாக. "நாப்பத்தெட்டுல ஜான் வீக்ஸ் மக தாமசினுக்கு ஞானஸ்நானம். அம்பத்தொண்ணுல ஜான் வீக்ஸ் மக தாமசின் அடக்கம். அம்பத்திரெண்டுல ஜான் வீக்ஸ் மக தாமசினுக்குத் திரும்பவும் ஞானஸ்நானம். எனக்குக் கணக்கு உதைக்குது. மாதா நாளுக்கு வேதப் புத்தகத்தை எடுத்துட்டு வர்றேன். உங்க அண்ணனும் நீயும் அதுல கை வெச்சு எனக்கு விளக்கிடுங்க."

அவர் போன பிறகு ஹெஸ்டர் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிள்ளைகள் அம்மா அழுவதைப் பார்த்து அழுதன. தாமசின் எல்லோரையும் சமாதானப்படுத்தினாள். ஆனால் அவளுக்குள்ளே ஒரு கதவு திறந்தது, அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. தான் விட்டுவிட்டுப் போனால் துரோகம். தான் அந்த உயிரே இல்லை என்று ஆகிவிட்டால்? அப்புறம் வீடு போவதற்குத் தாமசின் காரணமில்லை, மூன்றாவது உயிர் இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. உண்மையைச் சொன்னால் போதும், காலை எடுத்து வெளியே வைக்கலாம். இருபத்து மூன்று வயதோடு, தன் சொந்த வயதோடு, கப்பல் ஏறலாம்.

மறுநாள் மேட்டுக்கே போய் ஆம்ப்ரோஸிடம் கேட்டாள். அவன் சுண்ணாம்புக் காரையைக் குழைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மாதா நாளன்னிக்கு உள்ளதைச் சொல்லிடலாமா?"

அவன் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"எலியாஸ் என்னைக் கூப்பிடுறான்."

"தெரியும்."

"நீ எங்கேயும் வேலை செய்யலாம். கை இருக்கு. எக்ஸிட்டர்ல கொத்தனாருக்கு வேலை இல்லாமலா போகும்?"

"நாலு குழந்தைங்களோட எக்ஸிட்டர்ல யார் வீட்டுத் தாழ்வாரத்துல படுக்கறது?"

"நான் யாரோட பேர்ல படுத்துட்டிருக்கேன்? அதைச் சொல்லு முதல்ல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு பேரும் இந்தப் பேச்சை இதுவரை பேசியதே இல்லை. எட்டு வயதில் அந்தச் சின்னப் பெட்டிக்குப் பின்னால் நடந்துபோனவன் அவன்தான்.

"காரை இறுகிடும், தாமசின். அப்புறம் பேசிக்கலாம்" என்றான்.

அந்த அப்புறம் வரவேயில்லை. அவன் மௌனத்தை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். நமக்கு வேண்டியதைத்தானே நாம் அடுத்தவர் மௌனத்தில் படிக்கிறோம். இரண்டு துணி, ஒரு போர்வை, அம்மாவின் சீப்பு, அவ்வளவையும் மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

மாதா நாளன்று களஞ்சியம் நிறைந்திருந்தது. வெள்ளெருது சத்திரத்துக் கிழவர், இருமிக்கொண்டே மூன்று வீட்டுக்கு உயிராக இருக்கிற மார்ஜரி அத்தை, எல்லோரும் வந்து நின்று தங்களைக் காட்டிவிட்டுப் போனார்கள். "அடுத்த வருஷமும் வருவேன், என் சாவை எதிர்பார்க்காதீங்க" என்று மார்ஜரி அத்தை சொன்னதற்குச் சிரிப்பு எழுந்தது. வீக்ஸ் பெயரைக் கூப்பிட்டபோது சிரிப்பு நின்றது. எலியாஸ் கதவோரம் நின்றிருந்தான்.

டக்கெட் வேதப் புத்தகத்தை மேசையில் வைத்தார். "ஆம்ப்ரோஸ் முதல்ல."

அவளைத்தான் முதலில் கேட்பார்கள் என்று தாமசின் நினைத்திருந்தாள். வாயில் சொற்களைத் தயாராக வைத்திருந்தாள். ஆம்ப்ரோஸ் அவளைத் தாண்டி முன்னால் போய், காரையால் வெடித்த கையைப் புத்தகத்தின்மேல் வைத்தான்.

"பத்திரத்துல இருக்கிற தாமசின் வீக்ஸ் இதோ நிக்கிறா. என் கூடப் பிறந்தவ. நாப்பத்தெட்டுல பிறந்தவ" என்றான். "அடக்கம் பண்ணின குழந்தை ஆலைக்கார ஜான் வீக்ஸோடது, அவங்க இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே பிறந்தது. அவங்க அடுத்த பிள்ளைக்கும் அதே பேரை வெச்சாங்க. அவங்கெல்லாம் பிரிஸ்டல் போய் வருஷக்கணக்காச்சு."

ஆலையில் ஒரு ஜான் வீக்ஸ் இருந்தது நிஜம்தான். எங்கள் ஊரில் ஆறு பெயரை வைத்து நூறு பேரைக் கூப்பிடுகிறோம். ஆலைக்காரன் குடும்பம் ஊரை விட்டுப் போனதும் நிஜம். இதை அவன் ஒரு மாதமாக மனதுக்குள் வரி வரியாக அடுக்கியிருக்கிறான் என்பது அவளுக்கு அந்த நொடியில் புரிந்தது. காரை குழைக்கும்போது, சாப்பிடும்போது, அவள் எப்படியிருக்கிறாள் என்று கேட்கும்போதெல்லாம்.

"தாமசின், வாம்மா" என்றார் டக்கெட். "உங்க அண்ணன் சொன்னது சரியா?"

இல்லை என்று அவள் சொன்னால் அவன் பொய்ச் சத்தியம் செய்தவன். எக்ஸிட்டர் சந்தையில் மரச்சட்டத்தில் கழுத்தை மாட்டி நிறுத்துவார்கள், கல்லால் அடிப்பார்கள். உயிரோடு மீண்டால் சிறை. வீடும் போகும், சோறு போடுகிற கையும் போகும். போன மாதம் திறந்த கதவை அண்ணன் அவளைக் கேட்காமலே சாத்திவிட்டான், சாத்தி அதன்மேல் சாய்ந்தும் நின்றுவிட்டான். அவனைப் பார்த்தாள். அவன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெடித்த விரல்களை இன்னும் அதன்மேல் அழுத்திவைத்திருந்தான். அவளுக்கு அவன்மேல் வந்தது வெறுப்பு. அந்த விரல்களைப் பார்த்தபோது வந்தது பாசம். இரண்டில் ஒன்று மட்டும் வந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

புத்தகத்தின்மேல் கை வைத்தாள்.

"சரிதான் ஐயா. அது நான்தான்."

திரும்பியபோது கதவோரத்தில் யாரும் இல்லை.

அடுத்த நாள் விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, ஹெஸ்டர் கஞ்சியை வைத்துவிட்டுக் கூப்பிட்டால் தாமசினைக் காணோம். மூட்டை கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. கடைசிப் பையன்தான் வாசலில் நின்று மேட்டைக் காட்டினான்.

அவள் கோபுரத்தின் பாதிவரை படியில் ஏறி, அதற்குமேல் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். சாரத்தில் நின்ற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஆம்ப்ரோஸ் கீழே சுண்ணாம்புக் குழியிலிருந்து ஓடி வந்தான்.

"தாமசின், கீழ வா. அது கட்டாத ஏணி."

"யாரு வரணும்?" மேலிருந்து அவள் குரல் வந்தது. "நானா, அவளா?"

ஆட்களுக்கு அது புரியவில்லை. ஆம்ப்ரோஸுக்குப் புரிந்தது. அவன் படியேறி ஓடி ஏணியின் காலைப் பிடித்தான்.

மேலே துரை இருந்தார். காலையிலேயே நாற்காலியில் ஏற்றச் சொல்லி வந்து, முழங்காலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தூரக்கண்ணாடியால் தன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏணியில் ஒரு பெண்ணின் தலை முளைத்ததும் திடுக்கிட்டார். பிறகு, மேலே ஏறி வரக்கூடப் பிரியப்படுகிறார்களே என்று சந்தோஷப்பட்டார்.

"யாரு நீ?"

"வீக்ஸ் வீட்டு உயிர், துரை."

"ஓ" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர், அதுதான் கொடுமை. "நல்ல உடம்பு தானே?"

"நல்ல உடம்பு, துரை."

"நல்லது, நல்லது" என்றார் கொஞ்சம் சுரத்தில்லாமல். "கடலைப் பாத்திருக்கியா? இங்கேர்ந்து தெரியுது. இந்தா." கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார்.

அவளுக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை, அவரே திருப்பிப் பிடித்துக் காட்டினார். முதலில் சாம்பல் நிறம், பிறகு கோடு, பிறகு துறைமுக வாயில். அதற்கு வெளியே பாய் விரித்து ஒரு கப்பல். அதன் மேல்தளத்தில் ஆட்கள் எறும்பாகக்கூடத் தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு புள்ளியையும் அவள் தேடினாள்.

"என்ன தெரியுது?"

"கப்பல், துரை."

"பாத்தியா? இது எதுக்குன்னு ஊர்ல பேசிக்கிறாங்களாம். டக்கெட் சொன்னார்" என்றார் துரை மனம் குளிர்ந்து. "இதுக்குத்தான்."

கண்ணாடிக்குள் பாய் சின்னதாகி, வானம் எது பாய் எது என்று தெரியாமல் போகும்வரை அவள் பார்த்தாள். துரை அவசரப்படுத்தவில்லை. அவள் பக்கத்தில்தான் மதில் முடியாத அந்தத் திறந்த இடம் இருந்தது. ஓரடி நகர்ந்தால் போதும். அந்த ஓரடியைக்கூட அவளால் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது என்பதை அங்கே நின்றபடி நன்றாக யோசித்துப் பார்த்துக்கொண்டாள். வாழ்வுதான் இன்னொருத்தியுடையது என்றால், சாவும் அண்ணன் பிள்ளைகளுடையது. கண்ணாடியைத் துரையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வணங்கினாள்.

இறங்கும்போது கைகள் அவளைக் கேட்காமலே ஒவ்வொரு குச்சியையும் இறுகப் பிடித்தன. காலை வைப்பதற்கு முன் குச்சியை அழுத்திப் பார்த்தாள், வழுக்குகிறதா, ஆடுகிறதா என்று. இருபத்து மூன்று வருஷப் பயிற்சி. படி முடிகிற இடத்தில் ஆம்ப்ரோஸ் ஏணியின் காலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. அவள் பாதம் கற்படியைத் தொட்ட பிறகுதான் மூச்சு விட்டான்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான்.

"உன் வீட்டுக்கு ஒண்ணும் ஆகலண்ணே" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு முன்னால் மேட்டிலிருந்து இறங்கி நடந்தாள்.